வைக்கோல் கன்று

தஞ்சாவூர் அரண்மனையில் ஒரு திமிங்கல எலும்புக்கூடு இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது அவள் கேட்ட முதல் கேள்வி, "இதை யாருப்பா கொன்னாங்க?" தரங்கம்பாடிப் பக்கம் கடல் கொண்டுவந்து போட்டதும்மா என்றேன், சமாதானமாகிவிட்டாள்.

அப்புறம் வேறொரு ஊர் அருங்காட்சியகத்தில், பாடம் பண்ணிய புலி முன்னால் நின்று அதே கேள்வியைக் கேட்டாள். அட்டையைப் பார்த்தேன். பெயர் இருந்தது, என்ன தின்னும் என்று இருந்தது, எப்படிச் செத்தது என்று மட்டும் இல்லை.

அதில் புலி என்று சொல்ல மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தோல்தான், கண்ணெல்லாம் கண்ணாடி. மைசூரில் வான் இங்கன் குடும்பத்தின் பட்டறை 1999 வரை இருந்தது. வேட்டைக்காரர்கள் அனுப்பும் தோலைக் காகிதக்கூழில் செய்த உடம்பின்மேல் போர்த்தித் தைத்து, வாயைப் பிளந்து உறுமவைத்து அனுப்புவார்கள். தூங்கின புலியைச் சுட்டேன் என்று யார் வரவேற்பறையில் மாட்டிவைப்பார்? பூச்சி அரிக்காமலிருக்க அந்தக் காலத்தில் தோலுக்கு ஆர்செனிக் சோப்பு தடவுவது வழக்கம், பழசைத் தொடாதீர்கள் என்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இதெல்லாம் துரைமார் வித்தை என்று தள்ளிவிடவும் முடியாது. திருவையாறு பக்கம் எங்கள் அப்பாயி வீட்டில் கன்று செத்துப்போனால் தோலை உரித்து, உப்பு தடவிக் காயவைத்து, வைக்கோல் திணித்துத் தைத்து, காலுக்கு நாலு குச்சி செருகி மாட்டின் முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரக்கும், இல்லாவிட்டால் மடியிலேயே அடக்கிக்கொள்ளும். "ஏமாத்துறது பாவம் இல்லையா அப்பாயி?" என்று கேட்டேன். "பாவந்தான்டா, உனக்குக் காபி வேணுமா வேண்டாமா?" என்றாள். ஒளிவுமறைவே கிடையாது. மாட்டுக்கு அது கன்று, வீட்டில் இருக்கிற எங்களுக்கு அது வைக்கோல் கன்று, பெயரிலேயே விஷயம் வந்துவிடும்.

அருங்காட்சியகம் நம்மை மாட்டின் இடத்தில் நிறுத்துகிறது, அதுதான் எனக்கு உறுத்துகிறது. புலியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, எறிந்தால் உயிர் வரப்போவதில்லை. கோடியக்கரைக்குப் போனால் வெளிமானை உயிரோடு பார்க்கலாம், புலிக்கு டெல்டாவில் அந்த வசதி இல்லை. சரி, இருக்கட்டும். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு முன்னால் வேட்டையில் சுட்டதா, மிருகக்காட்சிசாலையில் மூப்பில் செத்ததா, தோல் மட்டும் நிஜமா, அதை அந்த அட்டையிலேயே போடுங்கள். இரண்டு வரி போதும், குழந்தை கேட்டால் வாசித்துக் காட்டுவேன்.