உந்து நிலையத்துக்குப் பிள்ளைகள் வந்த நாள்

வடசென்னையில் ஒரு கழிவுநீர் உந்து நிலையத்தை (பம்பிங் ஸ்டேஷன்) ஒட்டிய அரசு அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளராகப் பணிபுரிகிறேன். ஊழியர்களின் பிள்ளைகளைப் பணியிடத்துக்கு அழைத்து வந்து காட்டும் நாள் ஒன்றைச் சென்ற ஆண்டு முதன்முறையாக நடத்தினோம். அதற்கான கோப்பைத் தொடங்கி முடித்தவள் என்ற முறையில், இதே எண்ணம் கொண்ட பிற அலுவலகத்தினருக்கு உதவக்கூடும் என்று நடந்ததை எழுதுகிறேன்.

குறிப்பு எழுதி மேலே வைத்ததும் வந்த முதல் கேள்வி, "ஆயுத பூஜைக்குத்தான் எல்லாரும் குடும்பத்தோடு வருகிறார்களே, தனியாக ஒரு நாள் எதற்கு?" என்பதுதான். நியாயமான கேள்வி. என் தந்தை பெரம்பூர் ரயில்வே பணிமனையில் லேத் இயந்திரத்தில் வேலை பார்த்தவர். ஆண்டுதோறும் ஆயுத பூஜைக்கு எங்களை அழைத்துச் செல்வார். கழுவித் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாவிலைத் தோரணம் கட்டிய அந்த இயந்திரத்தைப் பார்த்துவிட்டு, பொரிகடலைப் பொட்டலத்தோடு வீடு திரும்புவோம். அவர் ஓய்வு பெறும் வரையில் அது ஓடி நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. பிள்ளைகள் பார்க்க வேண்டியது பெற்றோரின் வேலையைத்தானே தவிர, வேலை நின்றிருக்கும் இடத்தை அன்று என்று பதில் எழுதினேன். முன்னுதாரணம் உண்டா என்று கேட்பார்கள் என்பதால், அமெரிக்காவில் 1993இல் சிறுமிகளுக்காகத் தொடங்கி 2003 முதல் சிறுவர்களையும் சேர்த்துக்கொண்ட இத்தகைய நாள், விடுமுறையில் அல்லாமல் ஏப்ரல் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் நடைபெறுவதையும் குறிப்பிட்டேன்.

எங்களுக்கு ஏப்ரல் பொருந்தாது. அது தேர்வு மாதம். மே மாத வெயிலில் மோட்டார் அறைக்குள் பிள்ளைகளை நிறுத்த முடியாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் ஒருவருக்கும் தலை நிமிர நேரமிருக்காது. காலாண்டு விடுமுறையில் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுத்தோம். விடியற்காலையிலிருந்து பத்து மணி வரை வீடுகளிலிருந்து வரும் கழிவுநீரின் அளவு மிகுதி என்பதால், நேரத்தைப் பதினொன்றுக்கு வைத்துக்கொண்டோம்.

கோப்பு இருமுறை விளக்கம் கேட்டுத் திரும்பியது. செலவு எந்தத் தலைப்பில், பிள்ளைக்கு அடிபட்டால் பொறுப்பு யார் என்பவை முதல்முறை வந்த கேள்விகள். பெற்றோரிடம் எழுத்து மூலம் இசைவு பெறுவது, முதலுதவிக்கு ஒரு செவிலியரை அமர்த்துவது, கழிவுநீர் சேரும் கிணற்றின் பக்கம் எவரையும் விடாமல் கயிறு கட்டுவது, பிள்ளைகளிடம் எந்த வேலையையும் தொட்டுச் செய்யச் சொல்லாமலிருப்பது என்று எழுதிக் கொடுத்த பின் அவை தீர்ந்தன.

இரண்டாவது முறை திரும்பியதற்குக் காரணம் என்னுடைய பிழை. முதல் பட்டியலில் நிரந்தர ஊழியர்களின் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர் மட்டுமே இருந்தனர். சம்பளப் பட்டியலைப் பார்த்தே அதைத் தயாரித்திருந்தேன். இரவுப் பணியில் இருந்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், "மேடம், எங்க புள்ளைங்க வரக் கூடாதா?" என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. சல்லடையில் அடைக்கும் துணியையும் நெகிழிப் பையையும் நாள்தோறும் அள்ளுபவர்கள் அவர்கள். நிலையத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண்களும் ஒப்பந்தத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பதினான்கு பேரைச் சேர்த்து அனுப்பியதும், "இவர்கள் நம் ஊழியர்களா?" என்ற குறிப்போடு கோப்பு வந்தது. இந்த நிலையத்தில் வேலை செய்பவர்கள் என்று ஒரே வரியில் பதில் எழுதிவிட்டு, அதிகாரியை நேரில் பார்த்து அரை மணி நேரம் பேசினேன். ஒப்புதல் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பிள்ளையோடு சுற்றும் நாள் கூலி இழக்கும் நாளாகிவிடும் என்பதை அதன் பிறகே உணர்ந்தோம். அவர்கள் அனைவருக்கும் அன்று பகல் ஷிப்டுதான் தரப்பட வேண்டும் என்றும் வருகைப் பதிவேட்டில் முழு நாள் குறிக்கப்பட வேண்டும் என்றும் ஒப்பந்ததாரரிடம் எழுதி வாங்கினோம். இந்த வேலையை முதலிலேயே முடித்துவிடுவது நல்லது.

ஒருவர் மட்டும் இசைவுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வேணாம் மேடம். ஆபீஸ்ல வேலைன்னுதான் எம் பொண்ணுகிட்ட சொல்லி வச்சிருக்கேன்." நான் வற்புறுத்தவில்லை. "சரிண்ணா" என்று மட்டும் சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன். அந்தப் படிவம் இன்னும் கோப்பில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

அந்த நாளில் வேன் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்றுவிட்டதால் அரை மணி நேரம் தாமதமாகத் தொடங்கினோம். சுரங்க வரைபடம் போல விரிந்த குழாய்ப் படத்தைக் காட்டி, வீட்டிலிருந்து சரிவின் போக்கில் இங்கே வந்து சேரும் கழிவுநீரை மோட்டார்கள் மேலேற்றிக் கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புவதையும், அங்கே ஆர்.ஓ. முறையில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தூய்மையாக்கும் ஆலையிலிருந்து மணலித் தொழிற்சாலைகளுக்கு நீர் போவதையும் உதவிப் பொறியாளர் விளக்கினார். நச்சு வாயுவைக் கண்டறியும் கருவியைக் காட்டியபோது பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மரக்கச் செய்துவிடும். ஆகவே நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று எண்ணிவிடக் கூடாது என்றார் அவர்.

உடனே ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "எங்க அப்பா உள்ள இறங்குவாரா சார்?" என்று கேட்டாள். கூடம் அமைதியாகிவிட்டது. பாதுகாப்புக் கருவிகளும் முன்னேற்பாடுகளும் இன்றி எவரையும் கழிவுநீர்க் குழிக்குள் இறக்குவதை, கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்று அவர் பதில் சொல்லிவிட்டு, அவளுடைய தந்தையையே அழைத்து அடைப்பு நீக்கும் இயந்திரத்தை இயக்கச் சொன்னார். நீர் பீறிட்ட வேகத்தில் பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். அவள் இயந்திரத்தை விட்டுவிட்டுத் தந்தையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திட்டத்தில் நான் அறவே மறந்திருந்த ஒன்று கழிப்பறை. பெண்களுக்கான கழிப்பறை, உள்ளே பொருட்கள் அடுக்கப்பட்டுப் பூட்டிக் கிடந்தது. முந்தைய நாள் மாலையில் அதைக் காலிசெய்து, கழுவி, தண்ணீர் வரச் செய்தோம். பெருக்கும் பெண்களில் ஒருவர், "நாளைக்கும் தொறந்திருக்குமாம்மா?" என்று கேட்டார். ஆம் என்று சொன்னேன். ஆனால் இரண்டு நாள் கழித்து மீண்டும் பூட்டு தொங்கியது. சாவியை அவர்களிடமே ஒப்படைக்கக் கோரி மறுபடியும் ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது.

இந்த ஆண்டுக்கான கோப்பைத் தொடங்கியாயிற்று. அதன் முதல் வரியில் ‘ஊழியர்கள்’ என்று எழுதவில்லை. ‘இந்நிலையத்தில் பணிபுரியும் அனைவரும்’ என்று எழுதியிருக்கிறேன்.