கூப்பன் காலத்தில் ஒரு கலியாணம்

2022-ல் பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற பிறகு, 1970 முதல் 1977 வரை பிரதமர் சிறிமா (சிறிமாவோ பண்டாரநாயக்க) ஆண்ட காலத்திலும் இப்படித்தானா என்று எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் அடிக்கடி கேட்கிறார்கள். வேறு சிலர் அந்தக் காலம்தான் யாழ்ப்பாணத்து விவசாயிக்குப் பொற்காலம், இறக்குமதியை மூடினால் எல்லாம் சரிவரும் என்று எழுதுகிறார்கள். 1974 ஆவணியில் என் பெரிய தங்கச்சியின் கலியாணத்தை எப்படி ஒப்பேற்றினோம் என்று எழுதினால் இரண்டு பேருக்கும் பதிலாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஐயாவுக்குத் தோட்டத்தை விட்டு அசைய நேரமில்லை, அதனால் அலைச்சல் எல்லாம் மூத்தவனான என் தலையில்தான்.

1970-ல் சுதந்திரக் கட்சியும் லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்ட் கட்சியும் கூட்டுச் சேர்ந்து ஆட்சிக்கு வந்தன. சந்திரனில் இருந்தாவது அரிசி கொண்டுவந்து இரண்டு கொத்து (கொத்து என்பது அரிசி அளக்கிற படி) தருவோம் என்பதுதான் அந்தத் தேர்தலின் பேச்சு. நிதி மந்திரி என்.எம். பெரேரா. வந்த வருசமே ஒக்டோபரில் 50 ரூபா, 100 ரூபா நோட்டுகள் செல்லாது, கொண்டுவந்து ஒப்படையுங்கள் என்று அறிவித்தார், பெட்டிக்குள் காசு வைத்திருந்த சனம் வங்கி வாசலில் திரண்டது. அப்புறம் இறக்குமதிக் கட்டுப்பாடு. அந்நியச் செலாவணி இல்லை, உள்ளூரிலேயே விளைவிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம், அது பொய்யும் இல்லை. 1973-ல் எண்ணெய் விலை ஏறி, உலகச் சந்தையில் அரிசியும் கோதுமையும் எட்டாத விலைக்குப் போன பிறகு கூப்பனுக்குக் கொடுத்த பங்கீட்டு அரிசியையும் குறைத்தார்கள், மாவும் சீனியும் அளந்து அளந்துதான் வந்தது.

எங்களுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு காசாக வந்தது. வெளியிலிருந்து செத்தல் மிளகாயும் வெங்காயமும் வருவது நின்றதும் கொழும்பு வியாபாரிகள் லொறியோடு ஊருக்குள் வந்து, பாயில் காய்ந்துகொண்டிருக்கும் மிளகாய்க்கே விலை பேசினார்கள். ஐயா பழைய கடனை அடைத்தார், கிணற்றுக்கு வாட்டர் பம்ப் வாங்கினார், தங்கச்சியின் சீதனக் காசையும் அந்த மிளகாயிலேயே சேர்த்தார். ஆனால் கலியாணம் என்று வந்தபோது கையில் காசு இருந்தது, வாங்கத்தான் சாமான் இல்லை.

முதல் பிரச்சினை சீனி. சங்கக்கடையில், அதாவது கூட்டுறவுக் கடையில், ஒரு வீட்டுக் கூப்பனுக்குக் கிடைக்கிற சீனி தேத்தண்ணிக்கே காணாது; பல வீடுகளில் உள்ளங்கையில் துளி சீனியை வைத்து நக்கிக்கொண்டுதான் தேத்தண்ணி குடித்தோம். அம்மா மூன்று மாதத்துக்கு முன்பே சொந்தக்காரர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவைத்தா. மாமி, குஞ்சியம்மா, பெரியப்பா வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் தங்கள் பங்கில் பாதியை எடுத்துவைத்துத் தந்தார்கள். கூப்பன் புத்தகங்களை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு நான் சங்கக்கடைக்குப் போவேன். மனேச்சர் ஒவ்வொரு புத்தகமாக விரித்து, அந்தக் கிழமைக்குரிய துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒரு தகரப்பேணிக்குள் போட்டுவிட்டு, சீனியை நிறுத்துப் பழைய கடுதாசியில் சுருள் சுற்றித் தருவார். அந்தச் சுருளை அவிழ்த்த பிறகு கடுதாசியின் மடிப்பில் ஒட்டியிருக்கிற சீனியையும் அம்மா விரலால் தட்டி எடுப்பா. அப்படிச் சேர்ந்ததை ஒரு போத்தலில் அடைத்து, எறும்பு ஏறாமல் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்திருந்தோம். அரியதரத்துக்கு மட்டும்தான் அது கண்டது. மற்றப் பலகாரத்துக்கும் சபைக்குக் கொடுத்த தேத்தண்ணிக்கும் பனங்கட்டிதான்.

அடுத்தது அரிசி. எங்களுக்குக் கிளிநொச்சிப் பக்கம் வயல் இருந்தது, அந்தப் போகம் விளைச்சலும் மோசமில்லை. நெல்லை அரசாங்கத்துக்குத்தான் விற்க வேண்டும், ஒருவர் கையில் கொண்டுபோகிற அரிசிக்கும் அளவு உண்டு, எங்கள் பக்கத்தில் இரண்டு கொத்து என்பதுதான் எல்லோர் வாயிலும். எங்கள் வயலில் விளைந்ததை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரக் கடிதம் வேண்டும் என்பதை ஐயாவால் கடைசிவரை ஏற்க முடியவில்லை. நான் கிராமத்து அலுவலரான விதானையாரிடம் போய்க் குடும்பம் இன்னது, கலியாணம் இன்ன நாள் என்று எழுதி வாங்கி, கலியாண அட்டையையும் சேர்த்துக் கொண்டுபோய் அரசாங்கக் கந்தோரில் கொடுத்தேன். கையெழுத்து வைக்கிறவர் சேர்க்கிட் (ஊர் சுற்றிப் பார்க்கிற அலுவல்) போய்விட்டார் என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த முறை போனபோது அவர் இருந்தார், ஆனால் வயற்காணி ஐயாவின் பெயரில் இருக்கிறது, மனு என் பெயரில் இருக்கிறது என்று ஒரு குறை கண்டுபிடித்தார். திரும்ப எழுதினேன்.

கடைசியில் அவர் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, கலியாண வீடெண்டால் எனக்கும் விளங்குது, என்ர மகளுக்கும் வாற வருசம் செய்யவேணும். ஆனா மேல எனக்கொரு அளவு தந்திருக்கினம் எல்லோ" என்று சொல்லி, கேட்டதில் பாதியை எழுதித் தந்தார். நல்ல மனிசன், கைக்கூலி கேட்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் எத்தனை பேர் இருந்து சாப்பிடலாம் என்பதை அவருடைய பேனைதான் தீர்மானித்தது. மீதி அரிசியை உறவுக்காரர் பஸ்ஸில் போய்வரும்போதெல்லாம் ஆளுக்கு இரண்டு கொத்தாகக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கி, பைகளைத் திறக்கச் சொல்லிக் கைவிட்டுத் துழாவிப் பார்ப்பார்கள். ஒருமுறை ஒரு வயதான மனுசியின் பனையோலை உமலில் அளவுக்கு மேல் இருந்தது என்று ரோட்டோரமாகக் கொட்டவைத்தார்கள். அவ மண்ணிலிருந்து பொறுக்கிக்கொண்டிருக்க பஸ் எடுத்துவிட்டது. எங்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. 1971-ல் ஜே.வி.பி. இளைஞர்கள் செய்த கிளர்ச்சிக்குப் போட்ட அவசரகாலச் சட்டம் அப்போதும் நடந்துகொண்டிருந்தது, பொலிசோடு வாக்குவாதப்பட்டால் எங்கே கொண்டுபோவார்கள் என்று தெரியாது.

கூறைச் சேலைக்குக் கடை கடையாக ஏறி இறங்கினோம், இந்தியப் பட்டு கண்ணில் படவே இல்லை. கடைசியில் ஒரு கூறை வள்ளத்தில் கடல் தாண்டி வந்தது. சட்டத்தில் அதற்குப் பெயர் கள்ளக்கடத்தல், அம்மா அதை மஞ்சள் பூசிச் சாமித்தட்டில் வைத்தா. கலியாணத்துக்கு முதல்நாள் வந்து தங்கிய சனத்துக்குப் பாண் வாங்க என் தம்பியும் அவனுடைய கூட்டாளிகளும் விடிய நாலு மணிக்கே பேக்கரி வாசலில் வரிசை பிடித்தார்கள். மற்ற வேளைக்கு அவித்த மரவள்ளிக் கிழங்கும் சம்பலும்தான்.

இதையெல்லாம் வெறும் தட்டுப்பாட்டுக் கதை என்று வாசித்தால் பாதிதான் விளங்கும். 1973-ல் லேக் ஹவுஸ் பத்திரிகைகளை அரசாங்கம் எடுத்தது. 1974 ஏப்ரலில் தினபதியும் சிந்தாமணியும் வந்த தவச நிறுவனத்தை அவசரகாலச் சட்டத்தில் பூட்டினார்கள், 1977 வரை திறக்கவிடவில்லை. 1975-ல் வந்திருக்க வேண்டிய தேர்தல் 1972 அரசியலமைப்பின் வழியாக 1977-க்குத் தள்ளிப்போனது. அரிசி மூட்டைக்குக் கையெழுத்துக் கேட்கிற அரசாங்கமும் பத்திரிகையைப் பூட்டுகிற அரசாங்கமும் வேறு வேறு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. சாமான் எல்லாம் ஒரு கைக்குள் போன பிறகு, அந்தக் கையைப் பற்றி வாய்விட்டுப் பேசச் சனத்துக்குப் பயம் வந்துவிடுகிறது. பஸ்ஸில் நாங்கள் இருந்ததும் அப்படித்தான்.

இதைவிட மனதை அறுக்கிற விசயம் மலையகம். எங்கள் வயலுக்கு வேலைக்கு வந்த ஒரு குடும்பம் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தது. தோட்டத்தில் வேலைநாளைக் குறைத்துவிட்டார்கள், மாவும் அரிசியும் கிடைக்கவில்லை, கிழங்கு நட ஒரு சாண் நிலமும் சொந்தமில்லை. அந்தத் தாய் தன் மூத்த பிள்ளையைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் அம்மா அடுப்படியை விட்டு எழும்பிப் போய்விட்டா. 1974-ல் தோட்டப்புறங்களில் சாவு விகிதம் ஏறியது அரசாங்கக் கணக்கிலேயே இருக்கிறது. தொழிலாளியின் பெயரால் ஆட்சிக்கு வந்தவர்கள் இருந்த காலத்தில் அது நடந்தது. சமசமாஜக் கட்சியின் கொல்வின் ஆர். டி சில்வாதான் அப்போது பெருந்தோட்ட மந்திரி. இலவசக் கல்விக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடதுசாரிகள் பாடுபட்டதை நான் மறுக்கவில்லை, நான் படித்ததே அதனால்தான். அதற்காக இதைப் பேசாமல் விட முடியாது. எங்கள் மிளகாய்க்குக் கிடைத்த விலையைக் கட்டியவர்களில் அந்தத் தாயும் ஒருத்தி.

1977 யூலையில் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து இறக்குமதிக் கதவைத் திறந்தார். சின்னத் தங்கச்சிக்கு 1979-ல் கலியாணம். விதானையாரும் இல்லை, கந்தோரும் இல்லை, ஒரு காலைக்குள் யாழ்ப்பாணம் பெரியகடையில் சீனியை மூட்டையாகவே வாங்கி லொறியில் ஏற்றினேன். கூறை எடுக்க அம்மாவே கடைக்கு வந்து, பத்துச் சேலையை விரித்துப் பார்த்துத் தெரிந்தா. எனக்கு அது பெரிய விடுதலை. ஆனால் வெளியிலிருந்து வெங்காயமும் மிளகாயும் இறங்கிய பிறகு எங்கள் சாமானுக்கு விலை விழுந்துவிட்டது; அவ்வளவு காலம் பொத்திவைத்த தோட்டக்காரனை ஒரே நாளில் சந்தையில் தள்ளிவிட்டார்கள், இடையில் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. ஐயா கிணற்றடித் துண்டை ஈடுவைத்துத்தான் அந்தக் கலியாணத்தைச் செய்தார். பிறகு மிளகாயை விட்டுப் புகையிலை நட்டு, மூன்று போகத்தில் அதை மீட்டார்.