இப்போதைக்கு இல்லை

"வேலி போடுவீங்களா தம்பி?" என்று அந்த அக்கா கேட்டார். "இப்போதைக்கு இல்லக்கா" என்று சொன்னேன்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று வருடம் ஆகப்போகிறது. ஊர் மேட்டில் மரம் நட்டுக் காப்பகம் அமைப்பது பற்றி நாங்கள் கூட்டிய கூட்டம் அது. அன்றைக்கு ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள், இரண்டு மணி நேரம் பேசினோம், பாதிக்கு மேல் மறந்துபோய்விட்டது. இந்த ஒரு கேள்வியும் பதிலும் மட்டும் கடலூர் கேப்பர் மலைப் பக்கம் போகும்போதெல்லாம் மனதில் ஓடுகிறது.

பொய் சொன்னேனா? இல்லை. அன்றைய தேதிக்கு வேலி போடும் வேலை எதுவும் கையில் இல்லை. ஆனால் திட்ட மதிப்பீட்டில் இரண்டாம் ஆண்டுச் செலவுக் கணக்கில் கல்தூண், கம்பி வலை, கேட் என்று ஒரு தொகை இருந்தது. நான்காம் பக்கம். அந்தத் தாள் என் தோள்பையில்தான் இருந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டுதான் பதில் சொன்னேன்.

நிலம் எப்படிப்பட்டது என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செம்மண் மேடு, பதினோரு ஏக்கர் புறம்போக்கு. யாரோ எப்போதோ வைத்த முந்திரி நின்ற இடம். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கரையேறியபோது முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தன. விழுந்ததை விறகாக்கி எடுத்துப்போன பிறகு சீமைக்கருவேலம் புகுந்துகொண்டது. நாங்கள் கொடுத்த மனுவில் "பயன்பாடற்ற தரிசு" என்று எழுதினோம். எழுதியவன் நான்தான். அப்போது அது சரியான சொல்லாகத்தான் பட்டது.

வேலை தொடங்குமுன் இரண்டு வாரம் அங்கே கணக்கெடுத்தோம். முள்ளுக்கு நடுவே காரை, களா, சூரை, ஓரத்தில் நான்கு பனை, அய்யனார் மேடைக்குப் பின்னால் தப்பிப் பிழைத்த ஒரு காயா மரம். கௌதாரி, ஆள்காட்டி, கொண்டலாத்தி, சாயங்காலத்தில் கீரி. எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றினேன். அதே இரண்டு வாரமும் காலை ஒன்பது மணிக்கு அந்த அக்கா பதினான்கு ஆடுகளோடு மேட்டில் ஏறுவார். கோடையில் புல் கருகின பிறகு சீமைக்கருவேலங்காய்தான் ஆடுகளுக்குத் தீவனம். கீழே உதிர்ந்த மஞ்சள் காயைப் பொறுக்கித் தின்னும். எட்டாததை அவர் தொரட்டியால் உலுக்கிவிடுவார். அதைப் பார்த்துக்கொண்டேதான் நோட்டில் பறவை எழுதினேன். ஆடு எந்தப் பக்கத்திலும் இல்லை.

கூட்டத்தில் எதிர்ப்பே வரவில்லை என்றுதான் அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்பினேன். அதுவும் பொய்யில்லை. பையன்கள் கிரிக்கெட் விளையாட ஒரு ஓரம் கேட்டார்கள். ஒருவர், அந்த இடத்தில் வீட்டுமனைப் பட்டா கேட்டுப் பத்து வருடமாக அலைவதாகச் சொன்னார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை, நல்ல பதிலாக இருந்திருக்காது. பாம்பு சேரும் என்றார்கள் சிலர்; இப்போது மட்டும் இல்லையா என்று அவர்களுக்குள்ளேயே சிலர் மறுத்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் எழுந்து, "காப்பகம்னு போட்டிருக்கீங்களே, அதுல யாரை வச்சுக் காப்பாத்தப் போறீங்க?" என்று கேட்டார். ஊரில் காப்பகம் என்றால் ஆதரவற்ற பிள்ளைகளுக்கோ வயதானவர்களுக்கோ உள்ள இடம்தானே. மரங்களை, பறவைகளை என்று விளக்கினேன். "அதுங்க கேட்டுச்சா?" என்றார். கூட்டம் சிரித்தது, நானும் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அந்தப் பெயரே நாங்கள் இரவல் வாங்கியது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சமுதாயக் காப்பகம் என்ற வகையைச் சேர்த்தது. ஊராரோ தனியாரோ தங்களுக்கு உரிய நிலத்தைத் தாங்களாகவே முன்வந்து ஒதுக்க வேண்டும். ஊர்ப் பொது நிலமென்றால் நிர்வாகக் குழுவில் ஊராட்சி நியமிக்கும் ஐந்து பேராவது இருக்க வேண்டும். எங்களுடையது அரசுப் புறம்போக்கு. அந்தச் சட்டம் அதற்குப் பொருந்தாது. ஊராட்சித் தீர்மானத்தையும் வருவாய்த் துறை அனுமதியையும் வைத்துத்தான் நட்டோம். ஆனாலும் "தாங்களாகவே முன்வந்து" என்ற சொல்லை எல்லாக் கூட்டத்திலும் நான் சொல்லியிருக்கிறேன். எனக்குப் பிடித்த சொல் அது. பாதி சொல்லி மீதியை மறைத்த ஒருவனிடம் ஊர் சரி என்றால், அது முன்வந்ததாகுமா? தெரியவில்லை. முழுதும் சொல்லியிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள் என்று சில நாள் தோன்றும். அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்று உடனே அடுத்த கேள்வி வரும்.

வேலி போட நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். ஐப்பசி மழைக்கு ஆயிரத்து இருநூறு கன்றுகள் வைத்தோம். நாவல், இலுப்பை, வெப்பாலை, வீரை, காயா. எல்லாம் இந்தக் கரையோரத்து மண்ணுக்கே உரிய மரங்கள். வீரையும் காயாவும் வருடத்துக்கு ஒரு சாண் வளர்ந்தால் பெரிது. தை மாதம் போய்ப் பார்த்தபோது வரிசை வரிசையாகக் குச்சிகள்தான் நின்றன. குனிந்து பார்த்தால் தண்டின் நுனி கிள்ளியெடுத்த மாதிரி அறுந்து, பட்டை ஒரு பக்கம் நாராக உரிந்து தொங்கியது. சீமைக்கருவேலத்தை ஜேசிபி விட்டுப் பிடுங்கியது நாங்கள். காய் இல்லாத மேட்டில் ஆடு வேறு எதைத் தின்னும்? இன்று இது தெளிவாகத் தெரிகிறது. அன்று அந்தக் குச்சிகளைப் பார்த்து எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். அன்று மாலையே வேலி வேண்டும் என்று மேலாளருக்கு எழுதினேன். அவர் கேட்கவில்லை, நான்தான் எழுதினேன்.

கல்தூண் நட்ட அன்று அக்கா வந்தார். சண்டை வரும் என்று ஊராட்சித் தலைவரையும் கூட்டி வைத்திருந்தேன். அக்கா சண்டைக்கு வரவில்லை. ஈரச் சிமெண்ட் காயாத தூணில் ஒரு கையை வைத்துக்கொண்டு, உள்ளே பார்த்தபடி நின்றார். பிறகு, "ஆட்டுக்கு எந்தப் பக்கம் வழி விட்டிருக்கீங்க சார்?" என்றார். தம்பி என்று கூப்பிட்டவர். அன்றிலிருந்து இன்றுவரை சார்தான்.

மூன்று வருடத்தில் கன்று தலைக்கு மேல் போனதும் திறந்துவிடுவோம் என்றேன். அதையும் யாரையும் கேட்காமல்தான் சொன்னேன்.

பிராயச்சித்தம் போல, உள்ளே காவல் வேலைக்கு அவரையே வைக்கலாம் என்று அலுவலகத்தில் பேசி அனுமதி வாங்கினேன். மாதச் சம்பளம், ஊர் எல்லைக்குள்ளேயே வேலை. அதைச் சொல்லத்தான் அவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொடுத்தார், பேச்சை முழுதாகக் கேட்டார். "என் ஆட்ட நானே வெரட்டணுமா சார்?" என்றார். கேட்டதில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது. நான் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அந்த வேலையில் இப்போது வேறொருவர் இருக்கிறார்.

வேலிகூட இல்லாமல் காடு நிற்கும் இடங்களும் எனக்குத் தெரியும். புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் காடு இங்கிருந்து அதிக தூரமில்லை. சாமிக்குப் பயந்து, ஊர் தலைமுறை தலைமுறையாக விட்டுவைத்த காடு. அந்த மாதிரி ஒன்று வேண்டும் என்றுதான் இந்த வேலைக்கே வந்தேன். அதற்கு எத்தனை தலைமுறை ஆகியிருக்கும்? எங்களுக்குக் கிடைத்த நிதிக்குக் காலம் மூன்றே வருடம். அதை நினைத்தால் வேலி போட்டது சரி என்றும் படுகிறது.

இந்தக் கோடையில் அய்யனார் மேடைக்குப் பின்னாலிருக்கும் அந்தப் பழைய காயா மரம் பூத்தது. இலைக் காம்புக்கடியில், கிளையோடு ஒட்டி, கொத்துக் கொத்தாக நீலம். திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் வாயில் "காயாம்பூ வண்ணா" என்று வருமே, அந்தப் பூ. பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டியபோது ஒரு பெண், "இது நெசமாவே இருக்கிற பூவா?" என்று கேட்டாள். அந்தப் பெண் அந்த அக்காவின் பேத்தி. எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். நட்ட கன்றுகளில் பிழைத்தவை இடுப்பளவு வந்துவிட்டன. சருகு சேர்ந்த இடங்களில் கால் வைத்தால் மண் மெத்தென்று அமுங்குகிறது.

அக்காவிடம் இப்போது ஐந்து ஆடுகள்தான். மகன் சிப்காட்டில் வேலைக்குப் போகிறான், வயதாகிவிட்டது, அதனால்தான் விற்றார் என்று தலைவர் சொன்னார். இருக்கலாம். அவரிடமே நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள நான் போகவில்லை.

கூட்ட நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில், "வேலி: தற்போதைக்கு இல்லை" என்று இருக்கிறது. கீழே வரிசையாகக் கையெழுத்துகள், நடுவில் அவருடைய பெருவிரல் ரேகை. எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டிவிட்டு ரேகை வாங்கினேனா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அடுத்த மாதம் பக்கத்து ஊர் ஏரிக்கரையில் இதே மாதிரி கூட்டம். மதிப்பீட்டில் வேலிக்கு இந்த முறை முதலாண்டிலேயே தொகை இருக்கிறது. அதை முதல் பேச்சாகச் சொல்லிவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "எடுத்த எடுப்புல வேலின்னா கூட்டம் கலைஞ்சிடும், யாராவது கேட்டா சொல்லுங்க" என்றார். அவர் சொல்வது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. கேட்க அங்கே ஒருவர் எழுந்திருக்க வேண்டும்.