சாரல் காற்றில் சூரியகாந்தி வயல்: படத்தில் புள்ளியையும் மங்கலையும் குறைக்க முயன்ற நான்கு வாரங்கள்

தென்காசிக்கு அருகிலுள்ள சுந்தரபாண்டியபுரத்தில் ஆடி மாதத்தை ஒட்டிச் சூரியகாந்தி பூத்து நிற்கும். முதிர்ந்த சூரியகாந்திப் பூக்கள் கிழக்கு நோக்கியே நிற்பவை; மேற்குத் தொடர்ச்சி மலையோ ஊருக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே விடியற்காலையில் வயலின் கிழக்கு வரப்பில் நின்றால், பூக்கள் அனைத்தும் நம்மைப் பார்த்திருக்க, அவற்றின் பின்னால் மலையின் மீது முதல் வெளிச்சம் படுவதைக் காணலாம். முன்வரிசைப் பூவின் மகரந்தம் முதல் மலைமேல் நிற்கும் மரவரிசை வரை எல்லாம் தெளிவாகத் தெரியும் ஒரே ஒரு படத்துக்காக நான்கு வாரங்களாக ஞாயிறுதோறும் அங்கே போய் வருகிறேன். தடையாக நிற்பது காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று அந்த நேரத்திலும் ஓய்வதில்லை. வெளிச்சம் குறைவாக இருப்பதால் ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டும். பூக்கள் ஆடுவதால் சட்டென்று மூட வேண்டும்.

முதல் வாரம் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியைப் பதியும் சென்சாரின் உணர்திறன் எண்ணை, 100-க்கு மேல் ஏற்றவே கூடாது என்ற பிடிவாதத்துடன் போனேன். எல்லாம் குவியத்துக்குள் வர வேண்டும் என்று லென்ஸின் ஒளித்துளையான அப்பர்ச்சரை எஃப்/22-க்குச் சுருக்கினேன் (எஃப் எண் கூடினால் துளை சிறுக்கும்). மேகம் வெளுத்துவிடக் கூடாது என்று ஷட்டரை அரை நொடியில் நிறுத்திக்கொண்டேன். வீட்டில் திறந்து பார்த்தபோது பூக்கள் மஞ்சள் கறைகளாக இழுபட்டிருந்தன. அது எதிர்பார்த்ததே. ஆனால் அசையாத மலையும் மழுங்கியிருந்தது. காரணம் ஒளியின் விளிம்புவிலகல்: சிறு துளையில் நுழையும் ஒளி பரவி விரிவது. பச்சை ஒளிக்குக் கணக்கிட்டால், எஃப்/22-இல் ஒரு புள்ளி ஒளி சென்சாரில் ஏறத்தாழ 30 மைக்ரான் அகல வட்டமாக விரிகிறது. எஃப்/8-இல் அது 11 மைக்ரான்தான். என்னுடைய 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமே 4 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. அதோடு, மலையின் கரும்பச்சைப் பகுதி இருண்டு போனதால் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலக்கோப்பில்) அதை இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, வெளிச்சமாகத் தூக்கினேன்; தூக்கியவுடன் பச்சை முழுவதும் சிவப்பும் ஊதாவுமாகப் பொடிப்புள்ளிகள் கிளம்பின. புள்ளிகளை உண்டாக்குவது ஐஎஸ்ஓ என்ற எண் அன்று, சென்சாருக்குப் போதிய ஒளி போய்ச் சேராமைதான் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

இரண்டாம் வாரம் நேர்மாறாக, எஃப்/8, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 3200 என்று வைத்தேன். பூக்கள் உறைந்து நின்றன. மலை முழுக்கப் புள்ளி. ரா கோப்புகளைத் திருத்தும் டார்க்டேபிள் மென்பொருளில் இரைச்சல் நீக்கியை (புள்ளிகளை அகற்றும் கருவியை) கூட்டக் கூட்ட, காடு மெழுகில் வார்த்தது போல வழவழப்பாகிவிட்டது. இதில் ஒன்றைக் கவனித்தேன்: நிறப்புள்ளிகளை முழுவதும் நீக்கினாலும் படம் கெடுவதில்லை, வெளிச்சம் மட்டும் கூடிக் குறையும் வெளிச்சப் புள்ளிகளை நீக்கும்போதுதான் மரங்களின் உருவமும் சேர்ந்து போகிறது. இப்போது முதலாவதை முழுமையாக நீக்குகிறேன். இரண்டாவதைத் தொட்டும் தொடாமலும் விடுகிறேன். அச்சிட்டால் அந்த மெல்லிய பொடி கண்ணில் படுவதே இல்லை.

இடையில் வீட்டு மொட்டைமாடியில் ஒரு சோதனை. தூரத்து மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் எழுதியிருக்கும் எழுத்துகளை லென்ஸின் 55 மி.மீ. குவியத்தூரத்தில், 1/8 நொடியில், ட்ரைபாட் மேல் வைத்துத் திரும்பத் திரும்ப எடுத்தேன். கழுத்துப் பட்டி கேமராவில் தொங்கியபோது எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்தன, கழற்றியவுடன் தெளிந்தன. காற்றில் பட்டி படபடப்பது அவ்வளவு தூரம் கேமராவை ஆட்டுகிறது. நடுத்தண்டை இறக்கிவைத்தது, லென்ஸின் அதிர்வுத்தடுப்பை அணைத்தது, இரண்டு நொடி டைமர் வைத்தது ஆகிய ஒவ்வொன்றும் சிறிது உதவியது. எடைக்காகத் தொங்கவிட்ட பை ஊசலாடிக் கெடுத்தது; பையின் அடிப்பாகம் தரையைத் தொடுமாறு விட்டபோதுதான் பயன் தந்தது.

மூன்றாம் வாரம் குவியத்தில் இடறினேன். 18 மி.மீ. குவியத்தூரம், எஃப்/8 என்றால் இரண்டு மீட்டரில் குவித்தால் ஒரு மீட்டர் முதல் அடிவானம் வரை தெளிவு கிடைக்கும் என்பது அட்டவணைக் கணக்கு. அந்தக் கணக்கு 20 மைக்ரான் மங்கலை ஏற்றுக்கொண்டு போடப்பட்டது. என் சென்சாரில் அது ஐந்து பிக்சல். முழு அளவில் பார்த்தால் மலைமுகடு மசமசவென்றுதான் இருக்கும். மலையில் குவித்தால் பூவின் மகரந்தம் போய்விடுகிறது. பூவுக்கும் மலைக்கும் குவியம், ஷட்டர், ஐஎஸ்ஓ மூன்றுமே வெவ்வேறாகத் தேவைப்படும்போது, அவற்றை ஒரே கிளிக்கில் அடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதில் பொருளில்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

சென்ற ஞாயிறு, சூரியன் எழும் தறுவாயில், ட்ரைபாடின் கால்களை ஈரவரப்பில் அழுத்தி ஊன்றிவிட்டு, முதலில் மலையில் குவித்து எஃப்/8, 1/8 நொடி, ஐஎஸ்ஓ 100-இல் நான்கு படங்கள் எடுத்தேன். பிறகு முன்வரிசைப் பூவில் குவித்து, 1/250 நொடி, ஐஎஸ்ஓ 3200-க்கு மாற்றி, காற்று சற்றே தணியும் கணத்துக்காகக் காத்திருந்து பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். சாரல் நேராக லென்ஸை நோக்கி வருவதால் ஒவ்வொரு முறையும் துணியால் ஒற்றி எடுக்க வேண்டியிருந்தது. படத்திருத்த மென்பொருளான ஜிம்பில் மலையின் நான்கு படங்களையும் அடுக்கி, அடியிலிருந்து மேலாக 100, 50, 33, 25 சதவீத ஒளிபுகாமை கொடுத்தால் நான்கின் சராசரி கிடைக்கிறது. புள்ளி இரைச்சல் பாதியாகிறது. நகர்ந்துவிட்ட மேகத்தை மட்டும் ஒரே படத்திலிருந்து எடுத்துக்கொண்டேன். பூக்களுக்கு, பன்னிரண்டில் மிகத் தெளிவான ஒன்றை, வேண்டிய பகுதியை மட்டும் தெரியவிடும் மாஸ்க் வழியாக மேலே பொருத்தினேன். ஐஎஸ்ஓ 3200 என்றாலும் மஞ்சள் இதழ்கள் வெளிச்சமானவை என்பதால் அங்கே புள்ளி பெரிதாகத் தெரியவில்லை. இதழோரம் ஒட்டியிருந்த மகரந்தத் தூளையும், இலைக்காம்பின் பொடிமயிரையும், அவற்றுக்கு மேலே மலையில் தனித்தனியாக நிற்கும் மரங்களையும் ஒரே படத்தில் பார்த்தபோது மனம் நிறைந்தது.

குறை ஒன்று இருக்கிறது. குவியத்தை மாற்றும்போது காட்சியின் அளவு மிகச் சிறிதளவு மாறுவதால், மலையை ஒட்டி நிற்கும் உயரமான பூக்களின் விளிம்பில் வெளிறிய கோடு விழுகிறது. இடைத்தூரத்தில் குவித்து இன்னொரு வரிசைப் படம் எடுத்து, படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் ஹூகின் மென்பொருளில் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்திய பிறகு மாஸ்க் போட்டுப் பார்க்க வேண்டும். முன்வரிசையில் சில பூக்கள் ஏற்கெனவே தலை கவிழத் தொடங்கிவிட்டன; வயலில் எனக்கு இன்னும் ஒரு ஞாயிறு கிடைக்கலாம்.