பத்து கியரும் ஒரு கர்ர்ர்ரும்

அமெரிக்காவில் பதினெட்டுச் சக்கர லாரியில் புதிதாக ஏறியவரை அடையாளம் காணக் கண் வேண்டாம், காது போதும். சிக்னல் பச்சை விழும். முதல் கியர், இரண்டாவது, அப்புறம் ‘கர்ர்ர்ர்ர்’. பக்கத்துக் காரில் இருப்பவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

இந்த லாரிகளில் வரும் ஈட்டன் ஃபுல்லர் பத்து கியர் பெட்டியின் மெயின் பகுதியில், காரில் பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போக வைக்கிற சிங்க்ரோமெஷ் கிடையாது. வேகத்தைச் சமன்செய்கிற வேலை டிரைவர் தலையில். வேகம் ஒத்துவந்தால் கியர் தானே விழும். ஒத்துவராவிட்டால் கிளட்சை மிதி மிதியென்று மிதித்தாலும் கத்தும்.

பாடத்தில் சொல்லித்தருவது டபுள் கிளட்ச். கிளட்சை லேசாக மிதி, நியூட்ரலுக்கு இழு, காலை எடு. 1500-இல் இருந்த ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) 1100 பக்கம் இறங்கியதும் மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போடு. கியர் இறக்கும்போது நியூட்ரலில் காலை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரைத் தட்டி அதே 400-ஐ ஏற்ற வேண்டும். பழம் பெருச்சாளிகள் வண்டி நகர்ந்தபின் கிளட்சைத் தொடுவதே இல்லை. ஆக்சிலேட்டரை விட்டு, கியர் பல்லின் இறுக்கம் தளர்கிற நொடியில் நியூட்ரல். ஆர்பிஎம் இறங்கியதும் அடுத்தது. இதற்குப் பெயர் ஃப்ளோட்டிங். இரண்டு விரல் போதும். தோள்பலம் கேட்டால் கணக்குத் தப்பு. இந்த வித்தையை லைசென்ஸ் தேர்வில் மட்டும் காட்டாதீர்கள். லைசென்ஸ் கொடுப்பவர்களின் கையேடே டபுள் கிளட்ச்தான் சொல்கிறது. ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்துத் தப்பிக்கலாம்தான். லைசென்ஸில் ‘இ’ என்று குத்திவிடுவார்கள், பிறகு கியர் வண்டியைத் தொட முடியாது.

பதற்றத்தில் பெடலைத் தரைவரை மிதிப்பவர்கள் தனி ரகம். கடைசி ஓர் அங்குலத்தில் இருப்பது கிளட்ச் பிரேக். நின்ற வண்டியில் முதல் கியரோ ரிவர்ஸோ போடத்தான் அது. ஓடும்போது மிதித்தால் அதன் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி முறியும், செலவு முதலாளிக்கு, பேச்சு உங்களுக்கு.

ஐந்திலிருந்து ஆறு இன்னொரு கூத்து. ஆறாவது கியர் இருப்பது முதல் கியரின் இடத்திலேயே. ஐந்தில் ஓடும்போதே கியர் குமிழில் உள்ள, கீழ் ஐந்து கியரிலிருந்து மேல் ஐந்துக்கு மாற்றுகிற ரேஞ்ச் சுவிட்சை மேலே தள்ளி வைக்கணும். நியூட்ரலைக் கடக்கும்போது காற்றழுத்தம் மாற்றிவிடும். மறந்தால் 15 மைல் வேகத்தில் முதல் கியரைத் தேடுவீர்கள். பெட்டி சம்மதிக்காது.

ஓடும்போது எந்த கியர் போடணும் என்று தொலைந்துபோச்சா? ஒன்றாம் வகுப்புக் கூட்டல் போதும். 25 மைல் என்றால் 2+5, ஏழாவது. 35-க்கு எட்டு, 45-க்கு ஒன்பது, 55-க்குப் பத்து. ஆக்சில் விகிதத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் மலை இறக்கத்தில் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். 36 டன் வண்டி நியூட்ரலில் உருண்டால், நீங்கள் கூட்டி முடிப்பதற்குள் வேகம் அடுத்த எண்ணுக்குப் போயிருக்கும். இறங்குவதற்கு முன்பே கியரைப் போட்டுவிட்டு இறங்குங்கள்.