கொறோலாவுக்கு வந்த விக்கல்

ஐயாவின் ரொயோட்டா கொறோலா 110 காருக்கு விக்கல் பிடித்தது நல்லூர்த் திருவிழா நேரம். வீதியெல்லாம் மறிச்சுப் போட்டிருக்க, ஒழுங்கைகளுக்குள்ளால் இரண்டாம் கியரில் உருட்டிக்கொண்டு திரிகிற நாட்கள். அக்சிலேற்றரை மெல்ல மிதித்தால் ஒரு குலுக்கு, ஒரு இழுவை, திரும்ப ஒரு குலுக்கு. உதைத்து மிதித்தால் ஒரு குறையுமில்லை, பறக்கும். பின் சீற்றில் இருந்த மாமியின் தலை கோயிலடியில் இருந்து கோண்டாவில் வரைக்கும் ஓமோம் என்று ஆடிக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த மச்சாள் அந்த நேரம் பார்த்துத்தான் சீட்டுக்காசுக்குத் தவணை கேட்டிருக்கிறா. மாமி ஒத்துக்கொண்டதாக இண்டைக்கும் வாதாடுகிறா.

இந்த ஊரில் கார் பழுதானால் வைத்தியருக்கா பஞ்சம்? முன்வீட்டு அண்ணை, "பெற்றோலுக்கை தண்ணி" என்றார். பெரியப்பா பொனற்றைத் திறக்கவே விடவில்லை. "பிளக்கடா, வேறை ஒண்டுமில்லை." அம்மா நாவூறு என்று சொல்லி நாலு ரயருக்கும் தேசிக்காய் வைத்தா. செய்த வைத்தியங்களில் செலவு குறைந்தது அதுதான். ஒரு கராச்சில் பிளக், பிளக் வயர், பில்ரர் எல்லாம் மாற்றி நீளமான பில் ஒன்றும் தந்தார்கள். கார் அதே குலுக்கலோடு வீட்டுக்கு வந்தது.

கடைசியில் சுன்னாகத்துப் பெரியவரிடம் போனோம். தொண்ணூறுகளில் போர் நேரம் பெற்றோல் தடையாக இருந்தபோது கொஞ்சம் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெயில் கார் ஓடவிட்ட ஆள். இந்தக் காலத்துக் கம்பியூட்டர் எஞ்சினைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று மாமிக்கு யோசனை. அவரோ நேரே மாமியிடம், "தங்கச்சி, ஒரு கொண்டை ஊசி தாங்கோ" என்றார்.

ஊசியின் கறுப்புப் பூச்சைக் கத்தியால் சுரண்டினார். எஞ்சினடியில் பழுது பார்க்கவென்றே இருந்த சின்னக் கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்தார். எந்த ஓட்டைக்கு என்ன பெயர் என்று மூடியின் உள்பக்கமே அச்சடித்திருக்கிறது. ரிஈ1, ஈ1 இரண்டையும் ஊசியால் தொடுத்துவிட்டு, "சாவியை மட்டும் போடு, ஸ்ராட் பண்ணாதை" என்றார். மீற்றரில் எஞ்சின் லைற் நாலு தரம் மின்னியது, கொஞ்சம் பொறுத்து ஒரு தரம். மறுபடியும் நாலு, ஒன்று.

"நாப்பத்தொண்டு. துரொட்டில் பொசிஷன் சென்சர்." மின்னினது பழுதின் இலக்கம். எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வாசலின் மூடிதான் துரொட்டில், அது எவ்வளவு திறந்திருக்கிறது என்று கம்பியூட்டருக்குச் சொல்லுகிறது இந்தச் சென்சர்.

எழும்பிப்போய் முள் ஓடுகிற வோல்ற் மீற்றர் ஒன்றை எடுத்து வந்தார். "இலக்கம் காட்டிறது இதுக்குச் சரிவராது, விழுகிறதைக் காட்டாமல் ஒளிச்சுப்போடும்." கம்பியூட்டர் சென்சருக்கு 5 வோல்ற் அனுப்பும். துரொட்டில் மூடியிருக்கும்போது திரும்பி வருவது அரை வோல்ற் அளவில், முழுக்கத் திறந்தால் நாலு வோல்ற் அளவுக்கு. இடையில் முள் வழுக்கிக்கொண்டு ஏற வேணும். அவர் கையால் மெல்லத் திறக்க முள் கொஞ்சம் ஏறியது, பொத்தென்று விழுந்தது, திரும்ப ஏறியது. கால் எந்நேரமும் நிற்கிற அந்த இடத்தில்தான் சென்சருக்குள்ளே முனை உரசி ஓடுகிற கரிப்பாதை தேய்ந்திருக்கிறது. முள் விழுகிற கணத்தில் கம்பியூட்டர், "ஆள் காலை எடுத்திட்டார்" என்று நினைத்துப் பெற்றோலைக் குறைக்கும். அடுத்த கணம் அள்ளி ஊற்றும். மாமியின் ஓமோம் அதிலிருந்து வந்ததுதான்.

கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் பழசு மலிவாக எடுக்கலாம் என்றேன். "ஆரோ தேய்ச்சு முடிச்சதைக் காசு குடுத்து வாங்கப் போறியோ?" என்று கேட்டார். புதிசு கொழும்பில் இருந்து இரவு பஸ்ஸில் வந்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இந்தக் காருக்கு ஊரில் வந்த மதிப்பு எனக்கு வரவில்லை, ஐயா மறுபேச்சில்லாமல் காசு தந்தார்.

பூட்டுகிற வேலை இரண்டு ஸ்குறூதான். ஆனால் ஓட்டைகள் நீளமானவை, சென்சரை இங்காலும் அங்காலும் திருப்பலாம். பெரியவர் துரொட்டில் நெம்புக்கும் அது முட்டுகிற ஸ்குறூவுக்கும் நடுவில் மெல்லிய தகட்டு அளவுகோலைச் செருகி, மீற்றரைப் பார்த்துப் பார்த்துத் திருப்பித்தான் இறுக்கினார். எஞ்சின் கம்பியூட்டருக்குக் கரண்ட் போகிற ஈஎப்ஐ பியூஸைக் கொஞ்ச நேரம் கழற்றி வைத்து, அதில் பதிந்திருந்த நாற்பத்தொன்றை அழித்தார். கார் சந்தி வரைக்கும் பூனை மாதிரிப் போய் வந்தது.

கூலி குடுக்கிற நேரம் பெரியவர் கொண்டை ஊசியைத் தன்னுடைய சாமான் பெட்டிக்குள் போட்டதை மாமி கண்டுவிட்டா. அதற்கு இருபது ரூபா கழிக்கச் சொல்லி நின்றா. மனிசன் சிரிக்கவும் இல்லை, கழித்துவிட்டு மிச்சத்தை எண்ணி வாங்கினார்.