சுவருக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர்

இலங்கை மலைநாட்டில், பண்டாரவளைப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் கட்டமைப்புப் பொறியியலாளரான என்னிடம் முதலில் கேட்பது, "மிஸ், கம்பி எத்தனை போடணும்?" என்பதுதான். கம்பிக் கணக்கை அலுவலகத்தில் உட்கார்ந்தே போட்டுவிடலாம். அதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும்: எங்கே வெட்டினார்கள், எங்கே மண் கொட்டி நிரப்பினார்கள், மழைத்தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது என்று. பாதி வீடு வெட்டிய தரையிலும் பாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால், நிரப்பிய பக்கம் மெல்ல அமுங்கும். கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடும். அதைப் பூசி மறைத்த வீடுகள் இங்கே ஏராளம்.

2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து, தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. பதுளை, நுவரெலியா போன்ற மாவட்டங்களில் மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அது நிலத்தைப் பற்றிச் சொல்லும். அந்த நிலத்தில் கூரையின் பாரம் பீம், தூண், அத்திவாரம் வழியாக எப்படி இறங்குகிறது என்பது கட்டமைப்புப் பொறியியலாளரின் பொறுப்பு. மலையே நகர்ந்தால் என் பீம் எதையும் தாங்காது; அதையும் வீட்டுக்காரருக்கு வாய்விட்டுச் சொல்லத்தான் வேண்டும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது, சரிவில் மண்ணைத் தாங்கி நிற்கும் தடுப்புச்சுவர்தான். பக்கத்து வீட்டு ஆறடிச் சுவரின் பிளானை வாங்கிப் பன்னிரண்டு அடிக்குக் கட்டுவார்கள். உயரம் இரட்டித்தால் மண் தள்ளும் விசை நான்கு மடங்கு, சுவரைக் கவிழ்க்கும் திருப்பம் எட்டு மடங்கு. பின்னால் தண்ணீரும் தேங்கினால் விசை இன்னும் ஏறக்குறைய இரட்டிக்கும்.

ஒருமுறை தளத்துக்குப் போனால், பின்னால் தேங்கும் தண்ணீர் வெளியேறச் சுவரில் விட்டிருந்த குழாய்கள் எல்லாம் கலவையால் அடைபட்டிருந்தன.

"சேத்துத் தண்ணி வந்து பெயின்ட் பழுதாகுதுன்னு வீட்டுக்கார அம்மா அடைக்கச் சொன்னாங்க மிஸ்," என்றார் மேசன் பாஸ்.

சேறு வருகிறது என்றால் பின்னாலிருக்கும் மண்ணே கரைந்து வருகிறது என்று அர்த்தம். தோண்டிப் பார்த்தோம். தண்ணீர் வடியச் சல்லி இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த செங்கல்லும் வெற்று சீமெந்துப் பைகளும் கிடந்தன. எடுத்து, சல்லி நிரப்பி, குழாய்களைத் திறக்க வைத்தேன். அம்மாவுக்கு என்மேல் கோபம், செலவு அவருடையதல்லவா.

நுவரெலியாவில் இன்னொரு தொல்லை, குளிர். கொங்கிரீட் அங்கே மெதுவாகத்தான் இறுகும். கொழும்பில் பழகிய பாஸ் அதே நாள் கணக்கில், கொங்கிரீட் இறுகும்வரை தாங்க வேண்டிய முட்டுகளைக் கழற்றப் பார்ப்பார்.

இப்போது மேசையில் இருப்பது ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டரின் பிளான். மகன் கட்டாரிலிருந்து பணம் அனுப்புகிறான், மேலே ஒரு தட்டு வேண்டுமாம். "கையெழுத்து மட்டும் போடுங்க மகள்," என்கிறார். பழைய அத்திவாரத்தை ஒரு மூலையில் தோண்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். தாங்காது என்று தெரிந்தால் தகரக் கூரையோடு ஓர் அறை பின்பக்கம் போடலாம், அதற்கும் ஒரு படம் கீறி வைத்திருக்கிறேன்.